தலைக்கட்டு எடுத்த காடு: முதுமலை இலையுதிர் காட்டில் மர இனச் சேர்க்கையும் பன்மையும்



இந்தக் கல்லூரியில் ஆண்டுக்கு ஒருமுறை தாவரவியல் பற்றித் தமிழில் ஒரு சொற்பொழிவு நடக்க வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையின் நிபந்தனை என்று அழைப்புக் கடிதத்தில் படித்தேன். தமிழில் செடிகொடி பேசுகிறவர்கள் கபிலரின் குறிஞ்சிப்பாட்டிலிருந்து தொடங்குவது மரபாகிவிட்டது. 99 பூக்களை அடுக்கிச் சொன்ன பாட்டு. நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன், ஒரு மனக்குறையோடு. எந்தெந்தப் பூ என்று கபிலர் சொன்னார். எது எத்தனை என்று சொல்லவில்லை. பாறையில் குவித்த பூக்களில் ஒன்று கூடை கூடையாகவும் மற்றொன்று ஒரே ஒரு பூவாகவும் இருந்திருக்கலாம். பாட்டுக்கு அந்தக் கணக்கு வேண்டாம். காட்டை அறிய வேண்டுமானால் அது இல்லாமல் முடியாது.

நம் ஊர்களில் கோயில் திருவிழாவுக்கு வரி போடும்போது தலைக்கட்டு எடுப்பார்கள். இன்ன வகையறாவில் இத்தனை வீடு, இன்னொரு வகையறாவில் இத்தனை வீடு, கடைசித் தெருவில் ஒரே ஒரு வீட்டு வகையறா ஒன்று. வகையறாப் பெயர்களை மட்டும் கேட்டால் ஊரின் பட்டியல் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் எத்தனை தலைக்கட்டு என்று கேட்டால்தான் ஊரின் உருவம் தெரியும். காட்டின் மர இனச் சேர்க்கை என்று நாங்கள் சொல்வது இந்த இரண்டாவது கணக்கை. நம் மாநிலத்திலேயே, நீலகிரி அடிவாரத்தில், அப்படித் தலைக்கட்டு எடுத்த காடு ஒன்று இருக்கிறது, முதுமலை. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

1. பட்டுப்போன மரங்கள்

மாணவப் பருவத்தில் நான் முதன்முதலாக இலையுதிர் காட்டுக்குள் கணக்கெடுக்கப் போனது ஒரு மார்ச் மாதம். பசுமைமாறாக் காட்டின் படங்களைப் பாடநூலில் பார்த்து வளர்ந்த கண். எதிரே நின்றதோ சாம்பல் நிறக் கம்புகளின் கூட்டம். குறிப்பேட்டில் மரம் மரமாக ‘பட்டது’, ‘பட்டது’ என்று எழுதிக்கொண்டே போனேன். உடன் வந்த இருளர் முதியவர் எட்டிப் பார்த்து என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். சொன்னேன். “இதெல்லாம் பட்டுப்போன மரம்னு எழுதினா காட்டுல ஒண்ணுமே மிச்சமிருக்காதே தம்பி” என்று சிரித்தார். அருகில் இருந்த கிளையின் மேல்தோலை நகத்தால் லேசாகச் சுரண்டினார். உள்ளே பச்சை.

அன்று மாலைக்குள் இலை இல்லாமலே மரம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். முதலையின் முதுகுபோலக் கட்டம் கட்டமாக வெடித்த கரிய பட்டை கருமருது. வழவழவென்று வெளிறி நிற்பது வெக்காலி; நமை என்றும் சொல்வார்கள். தாள் தாளாக உரிந்து உள்ளே வெளுத்துத் தெரிவது வெண்தேக்கு. பட்டையில் கீறினால் இரத்தம்போலச் சிவந்த பால் கசிந்தால் வேங்கை. கீழே கிடக்கும் இலையை உள்ளங்கையில் கசக்கிச் சிவந்தால் தேக்கு. கருமருதைச் சுட்டி, கோடையில் சில மரங்களின் அடிமரத்தில் வெட்டினால் குழாய் திறந்ததுபோலத் தண்ணீர் பீய்ச்சும் என்றார். அதுவும் உண்மைதான், வறண்ட மாதங்களில் தண்டில் நீர் சேர்த்து வைக்கும் மரம் அது.

பெயர்களில் ஒரு சிக்கலும் அன்றே புரிந்தது. புரசு என்றால் ஒரு பகுதியில் செந்தீ நிறத்தில் பூக்கும் பலாசு. இன்னொரு பகுதியில் சாமான் செய்யும் வேறொரு மரம். கருங்காலி என்ற பெயரைத் தாங்கி நிற்கும் மரங்களோ மூன்று நான்கு. ஒரே பெயரில் இரண்டு மரங்களை எண்ணினாலும், ஒரே மரத்தை இரண்டு பெயரில் எண்ணினாலும் பன்மைக் கணக்கு பொய்யாகிவிடும். இலத்தீன் பெயர்களை மாணவர்கள் மனப்பாடம் செய்யச் சலித்துக்கொள்கிறீர்கள். அந்தச் சலிப்புக்கு என்னிடம் மருந்து இல்லை. அந்தப் பெயர்கள் இல்லாமல் எண்ணிக்கை இல்லை என்று மட்டும் சொல்வேன்.

முல்லையும் குறிஞ்சியும் வேனிலில் தம் இயல்பு கெட்டுப் பாலையாகும் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. பாலை என்றதும் மணல்வெளியை நினைத்துக்கொள்கிறோம். நம் புலவர்கள் பாடிய பாலையில் மரங்கள் இருக்கின்றன, யானைகள் இருக்கின்றன, உலர்ந்த நெற்றுகள் காற்றில் ஒலிக்கின்றன. அது மார்ச் மாதத்து இலையுதிர் காடு. ஆண்டில் சில மாதங்கள் பாலையாகவும் மீதி மாதங்கள் முல்லையாகவும் இருக்கும் நிலம்.

ஏன் உதிர்க்கின்றன? இலை என்பது நீரை வெளியே விடும் வாசல். மழை நின்று மண் காய்ந்ததும் வாசலைச் சாத்துவதைவிட வாசலையே கழற்றி எறிவது சில மரங்களுக்கு மலிவு. ஆனால் எல்லா மரங்களும் ஒரே நாளில் உதிர்ப்பதில்லை, ஒரே நாளில் துளிர்ப்பதும் இல்லை. வியப்பு என்னவென்றால், பல மரங்கள் மழைக்குக் காத்திராமல் கோடையின் உச்சத்திலேயே துளிர்த்துவிடுகின்றன. முதுமலையில் நடந்த ஆய்வொன்று இதற்குப் பூச்சிகளைக் காரணம் காட்டியது. மழையோடு இலைதின்னும் பூச்சிகள் பெருகும். அதற்கு முன்பே துளிர்த்து இலையை முற்ற வைத்துக்கொண்ட இனங்களும், கூட்டமாக ஒரே நேரத்தில் துளிர்த்த இனங்களும் பூச்சிக்குக் குறைவாகவே இரையாயின. ஆக, இனங்கள் பலவாக இருப்பது பெயரில் மட்டும் உள்ள வேறுபாடு அல்ல, நாட்காட்டியிலும் வேறுபாடு.

2. நான்கு குச்சிகள்

காட்டை எண்ணும் வழக்கம் நம் நாட்டில் அறிவியலுக்காகத் தொடங்கவில்லை, மரத்துக்காகத் தொடங்கியது. 1856இல் பர்மாவின் பெகு காடுகளுக்குப் பொறுப்பேற்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் டீட்ரிச் பிராண்டிஸ், யானை மேல் அமர்ந்து மூங்கில் புதர்களுக்கிடையே போய்க்கொண்டே தேக்கு மரங்களைக் கணக்கெடுத்தார். கையில் நான்கு குச்சிகள், ஒரு பேனாக்கத்தி. மரத்தின் பருமனுக்கேற்ப நான்கில் ஒரு குச்சியில் ஒரு வெட்டு. மாலையில் வெட்டுகளை எண்ணினால் இத்தனை பெருமரம், இத்தனை நடுமரம், இத்தனை சிறுமரம் என்று தெரிந்துவிடும். 1864இல் அவரே இந்திய வனத்துறையின் முதல் தலைமை ஆய்வாளரானார்.

எளிமையான, அழகான முறை. ஆனால் குச்சிகள் நான்கும் தேக்குக்கே. வழியில் நின்ற கருமருதுக்கும் நெல்லிக்கும் கொன்றைக்கும் குச்சி இல்லை. எதற்குக் குச்சி இல்லையோ அது அந்தக் கணக்கில் மரமும் இல்லை. அதற்குச் சற்று முன்பே, 1840களில், முதுமலைக்கு மேற்கே மலையிறங்கினால் வரும் நிலம்பூரில், மலபார் ஆட்சியர் கனோலியும் சாத்து மேனனும் தேக்குத் தோப்பு வைக்கத் தொடங்கியிருந்தார்கள். அங்கிருந்து பரவிய தோப்பு முறை ஒரே இனத்தால் ஆன காடு என்ற புதிய பொருளை நமக்குத் தந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் அதுவும் காடு. அதிலும் இலை உதிர்கிறது, அதிலும் யானை நடக்கிறது. தலைக்கட்டு எடுத்தால்தான் ஊர் முழுக்க ஒரே வகையறா என்பது தெரியும்.

பின்னாளில் காட்டு வகைகளைப் பிரிக்கும் முயற்சிகள் வந்தன. வனவியலாளர் சாம்பியன் 1936இல் செய்த வகைப்பாட்டை அவரும் சேத்தும் 1968இல் திருத்தி வெளியிட்டார்கள்; இன்றும் வனத்துறைக் கோப்புகளில் அதுதான் வழங்குகிறது. ஈர இலையுதிர் காடு, வறண்ட இலையுதிர் காடு, முட்காடு என்ற பிரிவுகள் அதில் உள்ளவை. முதுமலையில் இவை மூன்றையும் ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் பார்த்துவிடலாம். மேற்கே கூடலூர்ப் பக்கம் ஆண்டுக்கு 1,800 மில்லிமீட்டர் அளவுக்கு மழை. கிழக்கே மாயாற்றுப் பக்கம் 1,000க்கும் கீழே. தொரப்பள்ளியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால் உயர்ந்த வெண்தேக்கும் மூங்கிலும் தெரியும். தெப்பக்காடு தாண்டியதும் மரங்கள் குட்டையாகி, இடைவெளி விட்டு, மசினகுடிக்கு அப்பால் முள்ளாகிவிடும். ஓரிடத்தின் பன்மை ஒன்று. இடத்துக்கு இடம் இனங்கள் மாறிக்கொண்டே போகும் பன்மை இன்னொன்று. விட்டேக்கர் என்ற சூழலியலாளர் 1960இல் இவ்விரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும் என்றார். அந்தப் பேருந்துச் சீட்டு அவர் சொன்ன இரண்டாவது பன்மைக்கு நல்ல பாடம்.

3. ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் எண்

1988இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள், யானை ஆய்வால் அறியப்பட்ட ராமன் சுகுமாரின் தலைமையில், முதுமலைக் காட்டுக்குள் ஒரு செவ்வகத்தை அளந்தார்கள். நீளம் 1,000 மீட்டர், அகலம் 500 மீட்டர். 50 ஹெக்டேர், நம் கணக்கில் ஏறத்தாழ 124 ஏக்கர். அதை 20 மீட்டருக்கு 20 மீட்டர் சதுரங்களாகப் பிரித்தார்கள், 1,250 சதுரங்கள். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், அதாவது மார்பளவில், ஒரு சென்டிமீட்டர் விட்டமாவது உள்ள ஒவ்வொரு மரத்தண்டுச் செடிக்கும் எண் பொறித்த தகடு கட்டினார்கள். என்ன இனம், எவ்வளவு பருமன், சதுரத்தில் எந்தப் புள்ளி என்று எழுதிக்கொண்டார்கள்.

ஒரு சென்டிமீட்டர் என்றால் சுண்டுவிரல் பருமன். பிராண்டிஸ் யானை மேலிருந்து பார்த்திருக்கவே முடியாத அளவு. விறகுக்கு ஆகாத, வீட்டுக்கு ஆகாத, பெயர்கூடக் கேட்டிராத செடிக்கும் ஒரு குச்சி கிடைத்துவிட்டது.

இனி அந்தக் கணக்கு. மொத்தம் 25,929 மரங்கள், 71 இனங்கள். அதில் நான்கே இனங்கள் சேர்ந்து ஏறத்தாழ 56 விழுக்காடு. மேல்தட்டில் வெண்தேக்கு, கருமருது, வெக்காலி. அவற்றின் நிழலில் கிடியா காலிசினா என்ற சிறுமரம். வெண்டையும் பருத்தியும் பூவரசும் உள்ள குடும்பம் அது. வெண்டை மரம் என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. நான்கு வகையறாக்கள் ஊரில் பாதிக்குமேல் வைத்துக்கொண்டால் மீதி 67 வகையறாக்களுக்கும் எஞ்சுவது 11,400 சொச்சம். அதிலும் சில இனங்கள் ஒற்றை வீட்டு வகையறாக்கள். 124 ஏக்கரில் அவற்றுக்கு ஒரே ஒரு மரம்.

இந்த எண்கள் பெரியவையா சிறியவையா? ஒப்பிட்டால்தான் தெரியும். பனாமாக் கால்வாய்க்காக ஆற்றைத் தேக்கியபோது ஏரி நடுவே தீவாகிப்போன குன்று பாரோ கொலராடோ. அங்கே 1980களின் தொடக்கத்தில் சூழலியலாளர்கள் ஹப்பெலும் ஃபாஸ்டரும் இதே 50 ஹெக்டேரை இதே முறையில் எண்ணியபோது ஏறத்தாழ 2,35,000 மரங்களும் 300க்கு மேற்பட்ட இனங்களும் கிடைத்தன. மலேசியாவின் பாசோ மழைக்காட்டில் 3,35,000 மரங்கள், 800க்கு மேற்பட்ட இனங்கள். அவற்றின் பக்கத்தில் நம் முதுமலை ஏழை வீடுபோலத் தெரியும். மரத்தில் பனாமாவின் ஒன்பதில் ஒரு பங்கு, இனத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு.

அந்தக் குறைவு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மழைக்காட்டில் மரக்கூட்டம் கோபுரம்போல. அடியில் எண்ணற்ற கன்றுகள், மேலே போகப் போகச் சில பெருமரங்கள். முதுமலையில் அந்தக் கோபுரத்தின் அடிப்பகுதியே இல்லை. பெரியவர்கள் இருக்கிறார்கள், பிள்ளைகளைக் காணோம். 20 மீட்டர் சதுரத்தில் சராசரியாக இருபது மரம்; நடுவே புல். அந்தப் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்பதுதான் இலையுதிர் காட்டின் முக்கியமான கேள்வி. அதற்குப் போவதற்கு முன் பன்மை என்ற எண்ணைக் கொஞ்சம் உரித்துப் பார்த்துவிடலாம்.

4. பன்மை என்னும் எண்

காட்டுப் பன்மையை அளக்க நாங்கள் பயன்படுத்தும் இரண்டு சூத்திரங்களும் காட்டில் பிறந்தவை அல்ல. ஒன்று, தந்தியிலும் தொலைபேசியிலும் போகும் செய்தியின் அளவைக் கணக்கிட 1948இல் கிளாட் ஷானன் தந்தது. மற்றொன்று, இரண்டாம் உலகப் போரில் பிளெச்லி பார்க்கில் எதிரியின் சங்கேதங்களை உடைக்கும் வேலையில் இருந்த எட்வர்ட் சிம்ப்சன் 1949இல் வெளியிட்டது. மாணவர்கள் தேர்வுக்கு எழுதும் சிம்ப்சன் குறியீட்டை ஒரு கேள்வியாக மாற்றிக்கொள்ளலாம்: கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மரங்களைத் தொட்டால், இரண்டும் வெவ்வேறு இனமாக இருக்க எவ்வளவு வாய்ப்பு?

ஒரு தோப்பில் 100 மரம், நான்கு இனம், இனத்துக்கு 25. வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு 75. இன்னொரு தோப்பிலும் 100 மரம், நான்கு இனம்தான். ஆனால் ஓர் இனம் 97, மற்ற மூன்றும் ஒவ்வொன்று. வாய்ப்பு நூற்றுக்கு ஆறு. இனத்தொகை இரண்டிலும் நான்கே. பட்டியல் மட்டும் வைத்திருப்பவருக்கு இரண்டு தோப்பும் ஒன்றுதான்.

எண்ணிக்கை மட்டும் போதாது, உடம்பும் வேண்டும் என்று விஸ்கான்சின் காடுகளில் வேலை செய்த கர்ட்டிஸும் மெக்கின்டோஷும் 1951இல் சொன்னார்கள். எத்தனை மரம், எத்தனை சதுரங்களில் தென்படுகிறது, தண்டுகளின் குறுக்குப் பரப்பு எவ்வளவு ஆகிய மூன்றையும் விழுக்காடாக்கிக் கூட்டினால் இனத்தின் முதன்மை மதிப்பு வரும். எல்லா இனங்களுக்கும் சேர்த்து 300. வெண்டை மரம் தலை எண்ணிக்கையில் முந்தும். கருமருது அடிமரத்தின் பருமனில் முந்தும். வீட்டில் ஆள் அதிகமா, நிலம் அதிகமா என்று கேட்பதுபோல இது.

சரி, நல்ல சூத்திரங்கள். இப்போது ஒரு கற்பனைத் தோப்பை எடுத்துக்கொள்வோம். இது என் கணக்கு, முதுமலையின் கணக்கு அல்ல. 100 மரத்தில் ஓர் இனம் 70, மற்ற மூன்றும் பத்துப் பத்து. சிம்ப்சன் மதிப்பு நூற்றுக்கு 48. ஏதோ ஒன்று வந்து அந்த 70இல் 60ஐத் தின்றுவிட்டுப் போகிறது. இப்போது நான்கு இனமும் பத்துப் பத்து. மதிப்பு 75! தோப்பில் பாதிக்குமேல் போய்விட்டது. அறிக்கையில் பன்மை உயர்ந்துவிட்டது. சூத்திரத்தில் பிழை இல்லை. ஒரே ஒரு நாளின் எண்ணை வைத்துக் காட்டின் நலம் சொல்லப் போன நம்மிடம்தான் பிழை.

5. யானை, தீ, மழை

பிள்ளைகள் எங்கே போனார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். முதுமலை ஆய்வின் உயிர் அதன் பரப்பில் இல்லை. திரும்பத் திரும்பப் போனதில் இருக்கிறது. ஆண்டுதோறும் எந்த எண் இறந்தது, எந்தப் புதுச் செடி ஒரு சென்டிமீட்டரைத் தொட்டது என்று பார்த்தார்கள். நான்காண்டுக்கு ஒருமுறை எல்லா மரங்களின் பருமனையும் மீண்டும் அளந்தார்கள்.

முதல் சில ஆண்டுகளிலேயே வெண்டை மரம் சரியத் தொடங்கியது. குறுந்தொகையின் 37ஆம் பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பாலை பாடிய பெருங்கடுங்கோ பாடியது. பிடியின் பசி தீர்க்க ஆண் யானை யா மரத்தின் பட்டையை உரிக்கும் காட்சி அதில் வருகிறது. தலைவன் திரும்பி வருவான் என்று தோழி ஆறுதல் சொல்ல எடுத்துக்கொண்ட காட்சி. அன்பின் அடையாளம். ஆனால் உரிக்கப்பட்ட மரத்தின் பக்கம் நின்று கொஞ்சம் யோசியுங்கள். முதுமலையில் யா மரத்தின் இடத்தில் நின்றது வெண்டை மரம். அதன் தாவர வரிசையைச் சேர்ந்த மரங்கள், அதாவது வெண்டை மரம், சடச்சி, வலம்புரி போன்ற நார்ப்பட்டை உள்ளவை, யானைக்கு மிகவும் விருப்பம் என்று சுகுமார் தம் யானை ஆய்விலேயே கண்டிருந்தார். யானைகள் ஒடித்தன, சாய்த்தன, பட்டை உரித்தன. முதல் கணக்கெடுப்பில் காட்டின் கீழ்த்தட்டையே ஆண்ட இனம் பத்தாண்டு அளவில் பெரும்பாலும் அழிந்துவிட்டது. வலம்புரிக்கும் அதே கதி.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இத்தனை மரம் போன பிறகும், வெண்டை மரத்தில் ஒன்று மிஞ்சினாலும் அது ஓர் இனம்தான். இனப் பட்டியலில் ஒரு வரிகூட அழியாது. மறுபக்கம், ஒற்றை வீட்டு இனம் ஒன்றின் அந்த ஒரு மரம் ஒரு காற்றில் சாய்ந்தால் இனத்தொகையில் ஒன்று குறையும். காட்டின் தோற்றத்தில் எதுவும் தெரியாது. பட்டியல் சிறு சாவைப் பெரிதாக்குகிறது, பெருஞ்சாவை மறைத்துவிடுகிறது. கணக்கெடுப்பு ஒரே ஒருமுறை, 1988இல் மட்டும் நடந்திருந்தால், இந்தக் காட்டின் கீழ்த்தட்டை ஆள்வது வெண்டை மரம் என்று எல்லாப் பாடநூலிலும் இன்றுவரை அச்சாகிக்கொண்டிருக்கும்.

அடுத்தது தீ. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை உதிர்ந்த இலையும் காய்ந்த புல்லும் நெருப்புக்குக் காத்திருக்கும். பெரும்பாலும் மனிதர் வைப்பதுதான். இந்தத் தீ முகட்டுக்கு ஏறாது; முழங்கால் அளவில் ஓடிவிடும். கருமருதின் தடித்த பட்டைக்கு அது ஒரு பொருட்டல்ல. சுண்டுவிரல் பருமன் உள்ள கன்றுக்கு அதுவே சுடுகாடு. பிள்ளைகள் காணாமல் போனதற்குப் பெருங்காரணம் இது. ஆனால் வேர் சாவதில்லை. கரும்பு வெட்டிய கட்டையிலிருந்து மறுதாம்பு கிளம்புவதுபோல, தீய்ந்த அடியிலிருந்து அடுத்த மழைக்குத் தளிர் வரும். அடுத்த தீயில் மறுபடி தீயும். நாம் நேற்று முளைத்த கன்று என்று நினைக்கும் முழங்கால் உயரச் செடியின் வேர் பல தீக்களைப் பார்த்திருக்கலாம். தொடர்ந்து சில ஆண்டு தீ வராமல், மழையும் கைகொடுத்தால், அது ஒரே மூச்சில் மேலே போய்விடும். முதுமலையில் 1990களில் மரத்தொகை இறங்கி, பின் மழை நன்றாகப் பெய்த காலத்தில் திரும்ப ஏறியபோது, அப்படி மேலே வந்தவற்றில் கொன்றை குறிப்பிடத்தக்கது. இழந்த எண்ணிக்கை திரும்பத் தொடங்கியது. இழந்த சேர்க்கை திரும்பவில்லை. வெண்டை மரம் நின்ற இடத்தில் இப்போது வேறு பெயர்கள்.

மூன்றாவது மழை. வறட்சி வந்த ஆண்டிலேயே பெருமரங்கள் சாவதில்லை. மழை பொய்த்த ஆண்டுக்கும் பெருமரம் சாய்ந்த ஆண்டுக்கும் நடுவே சில ஆண்டுகள் இடைவெளி இருப்பதைத் தொடர்ந்த பதிவுகள் காட்டின. சாய்ந்த நாளில் போய்ப் பார்ப்பவர் அந்த ஆண்டு மழையைத்தான் கணக்கில் வைப்பார். உண்மையான குற்றவாளி என்றோ கடந்துபோய்விட்டது.

நான்காவதாக ஒருவர் அழையாமல் வந்திருக்கிறார்: உண்ணிச்செடி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பூவின் அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்த அமெரிக்கச் செடி. முதுமலையிலும் பல இடங்களில் புல்லை அமுக்கி ஆளுயரம் நிற்கிறது. கன்றுக்கு வெளிச்சம் தராது. தீ வந்தால் தானும் எரிந்து நெருப்பை உயரத் தூக்கிவிடும். இன்று அது மரங்களின் பட்டியலில் இல்லை. நாளைய பட்டியலில் எந்த மரம் இருக்கும் என்பதில் அதற்கும் கை உண்டு.

6. மூலதனமும் வட்டியும்

இவ்வளவையும் கேட்டபின் இயற்கைக் காடு என்றால் என்ன என்று மாணவர்கள் கேட்கலாம். இந்தக் காட்டிலும் முற்காலத்தில் தேர்ந்தெடுத்து மரம் வெட்டியிருக்கிறார்கள். தீ வைக்கும் மனிதக் கை அதற்குப் புதிதல்ல. குறும்பரும் இருளரும் பணியரும் காட்டுநாயக்கரும் அதில் வாழ்ந்திருக்கிறார்கள். யாரும் தொடாத காடு என்ற பொருளில் அது இயற்கை அல்ல. எந்த மரம் எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் தீர்மானிக்காமல், யானையும் தீயும் மழையும் வேரும் தங்களுக்குள் வழக்காடித் தீர்த்துக்கொள்ளும் காடு என்ற பொருளில் அது இயற்கை. நிலம்பூர்த் தோப்புக்கு அந்த வழக்கே கிடையாது. தீர்ப்பு நடும்போதே எழுதியாகிவிட்டது.

ஆகவே, ஒரே நாளில் இத்தனை இலட்சம் மரக்கன்று நட்டோம் என்ற செய்தியைப் படிக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். என்ன இனம், எது எத்தனை? அடுத்த ஆண்டு போய் எண்ணினீர்களா? நட்டவர்கள் முதல் கேள்விக்குத் தடுமாறுவார்கள். இரண்டாவதற்குப் பெரும்பாலும் பேச்சை மாற்றுவார்கள். மார்ச் மாதத்தில் இலையின்றி நிற்கும் வறண்ட காட்டைத் தரிசு என்று சொல்லி அதில் நிழல் மரம் நடப் புறப்படுகிறவர்களிடம், கிளையை ஒருமுறை நகத்தால் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த அறக்கட்டளையாரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அறக்கட்டளை என்பது விந்தையான ஏற்பாடு. மூலதனத்தைத் தொடாமல், வட்டியில், ஆண்டு தவறாமல் ஒரு காரியம் நடக்கும். தொடங்கியவர் போன பிறகும் நடக்கும். காட்டைப் புரிந்துகொள்ள வேண்டிய கருவியும் அதுவேதான். ஓர் ஆராய்ச்சி மாணவரின் காலம் மூன்றாண்டு, ஒரு நிதித்திட்டத்தின் காலம் ஐந்தாண்டு. ஒரு கருமருதின் காலம் அவற்றுக்குள் அடங்காது.

ஆகவே சொற்பொழிவுக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கை ஒதுக்குங்கள். வனத்துறையின் அனுமதி பெற்று, இந்தக் கல்லூரிக்கு அருகில் உள்ள ஏதாவதொரு காப்புக்காட்டில் ஒரே ஒரு ஹெக்டேரை அளந்து விடுங்கள். ஓர் அளவு நாடா, 1.3 மீட்டரில் கோடு போட்ட ஒரு கம்பு, எண் பொறித்த தகடுகள், மழையில் நனையாத ஒரு குறிப்பேடு. பட்டை பார்த்துப் பெயர் சொல்லும் உள்ளூர்க்காரர் ஒருவருக்கு முறையான சம்பளம். ஆண்டுக்கு ஒருமுறை இரண்டாமாண்டு மாணவர்கள் போய் எண்ணி வரட்டும். பட்டது என்று எழுதுமுன் சுரண்டிப் பார்க்கட்டும். அடுத்த ஆண்டு இந்த மேடையில் பேச வருகிறவர் யாராக இருந்தாலும், அவர் பேச்சைத் தொடங்கும் முன், ஒரு மாணவி எழுந்து அந்த ஆண்டின் கணக்கை மட்டும் வாசிக்கட்டும்: இத்தனை மரம், இத்தனை இனம், இறந்தவை இன்னின்ன, புதிதாக வந்தவை இன்னின்ன.

அந்தக் கணக்கு முப்பதாவது முறை வாசிக்கப்படும்போது இங்கே இருக்கும் நம்மில் பலர் இருக்க மாட்டோம். கபிலர் சொல்லாமல் விட்ட கணக்கில் ஒரு ஹெக்டேர் அளவாவது அப்போது எழுதப்பட்டிருக்கும்.